முதல் மாத்திரைக்கு முன் ஒரு மஞ்சப்பை

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. மன்னார்குடி பக்கம் விவசாயம். பெருங்குடலில் புற்றுநோய் என்று ஐந்து வாரத்துக்கு முன் அறுவை சிகிச்சை ஆனது. மூன்றாம் நிலை என்றார்கள். ‘ஊசி வேண்டாம், மாத்திரையே போதும்’ என்று கேபசிடபின் 500 மி.கி. எழுதியிருக்கிறார்கள். காலையில் மூன்று, இரவில் மூன்று. 14 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்த வேண்டும்; இப்படி எட்டு சுற்று. வரும் திங்கட்கிழமை தொடங்கச் சொன்னார்கள். அப்பாவுக்கு 2011ல் இதய வால்வு மாற்றி உலோக வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். கூடவே தினமும் ஒரு சத்து மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை. கிரியாட்டினின் 1.4, எடை 54 கிலோ. ஜெர்மனியில் இருக்கும் சித்தப்பா மகன், ‘மரபணு டெஸ்ட் எடுக்காமல் தொடங்காதே, இங்கே அப்படித்தான்’ என்கிறான். பக்கத்து வீட்டு அத்தை முள் சீத்தா இலைக் கஷாயம் கொடுக்கச் சொல்கிறார். தங்கை ஆறு மாதக் கர்ப்பிணி, எங்களோடுதான் இருக்கிறாள். அப்பாவோ, ‘வெறும் மாத்திரைதானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு அலட்டல்’ என்கிறார். என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்?
(மன்னார்குடி வாசகி, பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எட்டுப் பத்து விஷயங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றுக்கு மட்டும் இன்றே பதில் வேண்டும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரத்தம் உறையாமல் இருக்க அப்பா சாப்பிடும் மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. உலோக வால்வு என்பதால் வார்ஃபரின் அல்லது அசெனோகுமரால், இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். இந்த வகை மாத்திரையும் கேபசிடபினும் ஒரே உடம்பில் சேர்ந்தால், ரத்தத்தை இளக்கும் மருந்து வழக்கமான வேகத்தில் வெளியேறாது. வார்ஃபரினை வைத்துச் செய்த ஆய்வில், கேபசிடபினோடு சேர்ந்தபோது அதன் முக்கியப் பகுதி ரத்தத்தில் சராசரியாக 57 சதவீதம் கூடியது. அதாவது அப்பா அதே ஒரு மாத்திரையைத்தான் போடுவார், உடம்புக்கு அது ஒன்றரை மாத்திரைக்கு மேல் போட்டது போல ஆகிவிடும். மூக்கில், ஈறில், குடலில், சிலருக்கு மூளைக்குள்ளேயே ரத்தக் கசிவு ஏற்பட்டிருக்கிறது. தொடங்கிய சில நாளிலும் வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம். கேபசிடபினை நிறுத்திய பிறகு ஒரு மாதம் வரைக்கும் கூட வரலாம்.

உடனே அந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது இதைவிட ஆபத்து. வால்வில் ரத்தம் உறைந்தால் என்ன ஆகும் என்று 2011லேயே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். செய்ய வேண்டியது வேறு. புற்றுநோய் மருத்துவருக்கு இந்த மாத்திரை பற்றித் தெரியுமா என்று இன்றே போன் செய்து கேளுங்கள். ‘ஃபைலில் இருக்கும், பார்த்திருப்பார்’ என்று நினைக்காதீர்கள். அறுவை சிகிச்சை செய்தவருக்குத் தெரிந்திருக்கும். ஆபரேஷனுக்கு முன் அதை நிறுத்தி ஊசிக்கு மாற்றியிருப்பார்கள். ஆனால் அந்தத் தகவல் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் போகும் வழியில் காணாமல் போவதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். தெரியும் என்று அவர் சொன்னால், ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுவது) எப்போது, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இதுவரை மாதம் ஒருமுறை எடுத்திருப்பீர்கள். இனி வாரம் ஒருமுறையாவது தேவைப்படும். தொடங்குவதற்கு முந்தைய நாளின் அளவு கையில் இருக்க வேண்டும். சிலருக்கு இந்த மாத்திரையை விட்டுவிட்டு, ஆறு மாதமும் தோலுக்கடியில் போடும் ஹெப்பாரின் வகை ஊசிக்கு மாற்றுவார்கள். உலோக வால்வு உள்ளவருக்கு அந்த முடிவை இதய மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் சேர்ந்துதான் எடுக்க வேண்டும். புதிதாக வந்திருக்கும் ‘டெஸ்ட் தேவையில்லாத’ ரத்த இளக்கி மாத்திரைகள் உலோக வால்வுக்கு ஆகாது. யாராவது அதைச் சொன்னால் கேட்காதீர்கள்.

இந்தப் பதில்கள் வந்து சேரத் திங்கட்கிழமை தாண்டினாலும் பரவாயில்லை. அறுவைக்குப் பிறகான கீமோவை ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்குவது வழக்கம். உங்களுக்கு ஐந்து வாரம்தான் ஆகியிருக்கிறது. மூன்று நான்கு நாள் தள்ளிப்போவதால் நோய் முந்திக்கொள்ளாது. மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தள்ளிப் போடுங்கள், அவ்வளவுதான்.

சரி, அப்பாவின் ‘வெறும் மாத்திரைதானே’ விஷயத்துக்கு வருகிறேன். புற்றுநோய்ப் பிரிவில் மருந்து கொடுக்கும் மருந்தாளுநராக எத்தனையோ வருடமாக இந்த வாக்கியத்தைக் கேட்டு வருகிறேன். கேபசிடபின் வயிற்றுக்குள் போய், கல்லீரலிலும் கட்டியிலும் படிப்படியாக மாறி, கடைசியில் 5-ஃப்ளூரோயுராசில் என்ற மருந்தாகிறது. அது 1957ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் சார்லஸ் ஹைடல்பெர்கர் உருவாக்கிய மருந்து. இன்றும் குடல் புற்றுநோய்க்குச் சொட்டு சொட்டாக நரம்பில் ஏற்றுவது அதைத்தான். ஆக, அப்பா சாப்பிடப்போவது அதே கீமோ. வாய் வழியாகப் போகிறது என்பதுதான் வித்தியாசம். மூன்றாம் நிலைக் குடல் புற்றுநோயில் இந்த மாத்திரை, பழைய முறையில் போட்ட ஊசிக்குக் குறைந்ததல்ல என்று பெரிய ஆய்வில் நிரூபித்திருக்கிறார்கள். எனவே ‘மாத்திரை என்றால் பலம் கம்மி’ என்ற கவலையும் வேண்டாம்.

ஊசி என்றால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, ஒரு நர்ஸ் நாடி பார்த்து, ‘வயிற்றுப்போக்கு இருக்கிறதா’ என்று கேட்டுவிட்டுத்தான் ஏற்றுவார். சரியில்லை என்றால் ஏற்றாமல் திருப்பி அனுப்பிவிடுவார். மாத்திரை என்றால் அந்த நர்ஸ் வேலை உங்கள் வீட்டு அடுப்படிக்கு வந்துவிடுகிறது. அந்த வேலையை யார் பார்ப்பது என்பதைத் திங்கட்கிழமைக்குள் முடிவு செய்யுங்கள். அப்பாவே பார்த்துக்கொள்வார் என்றால், என் அனுபவத்தில் அது சரிவராது. அவர் ‘ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்’ வகை ஆள் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

அடுத்து மஞ்சப்பை. வீட்டில் அப்பா வாய்க்குள் போகும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். பட்டியல் எழுத வேண்டாம், எழுதும்போது சின்னச் சின்னது விட்டுப்போகும். அட்டையோடு, டப்பாவோடு, பாதி தீர்ந்த சிரப்போடு, தைலத்தோடு அப்படியே போடுங்கள்.

அதில் முதலில் நான் தேடுவது அந்தச் சத்து மாத்திரையை. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைகளில் பெரும்பாலும் போலிக் ஆசிட் இருக்கும். சாதாரண நாளில் அது நல்லதுதான். ஆனால் போலிக் ஆசிட் இந்தக் கீமோ மருந்தின் பிடியை இறுக்கிவிடும். வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் கூடும். ‘கீமோ எடுக்கிறார், உடம்பு தாங்க வேண்டுமே’ என்று பாசத்தில் இரண்டு மாத்திரையாகக் கொடுப்பவர்கள் உண்டு. அட்டையின் பின்பக்கத்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும் வரை கொடுக்காதீர்கள்.

கேஸ் மாத்திரை விஷயத்தில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பான்டோபிரசோல் வகை மாத்திரைகள் கேபசிடபினின் பலனைக் குறைக்கலாம் என்று சில ஆய்வுகளும், அப்படியெல்லாம் இல்லை என்று சில ஆய்வுகளும் சொல்கின்றன. என் கருத்து: உண்மையான காரணம் இருந்தால் தொடரட்டும், காலையில் எழுந்ததும் பழக்க தோஷத்தில் போடுவது என்றால் விடலாமா என்று கேளுங்கள். அப்புறம், வலிப்புக்கு ஃபெனிடாயின், யூரிக் ஆசிட்டுக்கு அலோபியூரினால் இருந்தால் அதுவும் பையில் வர வேண்டும். ஃபெனிடாயின் ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறிவிடும். அலோபியூரினால் கேபசிடபினையே மழுங்கடிக்கும். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை இருந்தால் அதை வீட்டிலேயே ஓரங்கட்டுங்கள். ரத்த இளக்கியும் பலவீனமான சிறுநீரகமும் இருக்கும் இவருக்கு அது மூன்றாவது எதிரி.

முள் சீத்தா இலைக் கஷாயம். அத்தையின் அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். வாட்ஸ்அப்பில் ‘கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு’ என்று சுற்றும் செய்தி அவருக்கும் வந்திருக்கும். மனிதர்களிடம் அது புற்றுநோயைக் குணப்படுத்தியதாக நிரூபணம் ஒன்றும் இல்லை. அதைவிட எனக்குக் கவலை வேறு. கஷாயத்தில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஐ.என்.ஆர். திடீரென்று ஏறினால், அதற்குக் காரணம் மாத்திரையா கஷாயமா என்று மருத்துவரால் பிரித்துப் பார்க்க முடியாது. சித்த மருத்துவரிடம் முறையாகப் பார்த்துச் சாப்பிடுவதாக இருந்தாலும் இரண்டு மருத்துவர்களுக்கும் பரஸ்பரம் தெரிந்திருக்க வேண்டும். சாம்பாரில் போடும் மஞ்சளும் ரசத்தில் போடும் மிளகும் சாப்பாடு, அதில் பயமில்லை. மஞ்சள் சத்தை எடுத்து அடைத்த கேப்சூல் சாப்பாடு அல்ல.

கிரியாட்டினின் 1.4. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் எண் இது. லேப் ரிப்போர்ட்டில் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்திருக்கும், ‘லேசாத்தான் கூட’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கட்டுமஸ்தான 30 வயது ஆளுக்கு 1.4 என்றால் நானும் அப்படித்தான் சொல்வேன். 64 வயதில், 54 கிலோ எடையில் அதே எண்ணுக்குப் பொருள் வேறு. 140லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, அதை 72ஐயும் கிரியாட்டினினையும் பெருக்கிய எண்ணால் வகுத்தால் சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுகிறது என்று ஒரு மதிப்பீடு கிடைக்கும். உங்கள் அப்பாவுக்கு அது ஏறக்குறைய 41. கேபசிடபினைப் பொறுத்தவரை 50க்கு மேல் இருந்தால் முழு அளவு தரலாம். 30க்கும் 50க்கும் இடையில் முக்கால் அளவு. 30க்குக் கீழே போனால் பொதுவாகக் கொடுப்பதில்லை.

இங்கே ஒன்று கவனியுங்கள். இந்த மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுக்கும்போது, நடுத்தர உயரமும் 54 கிலோ எடையும் உள்ளவருக்கு முழுக் கணக்குப் போட்டால் வேளைக்கு நான்கு வரும். உங்களுக்கு எழுதியிருப்பது மூன்று. அப்படியானால் மருத்துவர் சிறுநீரகத்தைப் பார்த்துத்தான் ஏற்கெனவே குறைத்திருக்கிறார் என்று தோன்றுகிறது. தோன்றுவதை நம்பி விட்டுவிடாதீர்கள், நேரில் கேளுங்கள். ‘சார், மூன்று மாத்திரை என்பது கிட்னிக்காகக் குறைத்த அளவா?’ என்ற ஒரு கேள்வி போதும். ஆமாம் என்றால் நிம்மதி. நீங்களாகவோ, தெரிந்த கம்பவுண்டர் சொல்லியோ இன்னும் ஒன்றைக் குறைக்கவும் கூடாது. வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து உடம்பில் நீர் வற்றினால் இந்த 41 ஓரிரு நாளில் 30க்குக் கீழே இறங்கிவிடலாம் என்பதையும் மனதில் வையுங்கள். அதனால்தான் கீழே வயிற்றுப்போக்கைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதப்போகிறேன்.

அதற்குமுன் ஜெர்மனித் தம்பியின் கேள்வி. அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. இந்த மருந்தை உடம்பிலிருந்து அப்புறப்படுத்துவது கல்லீரலில் இருக்கும் டிபிடி என்ற நொதி. உள்ளே போகும் 5-ஃப்ளூரோயுராசிலில் 80 சதவீதத்துக்கு மேல் அதுதான் உடைக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி குறைவு. மிகச் சிலருக்கு அறவே இல்லை. சும்மா இருக்கும்போது எந்தத் தொந்தரவும் தெரியாது. கீமோ போட்ட பிறகுதான் தெரியும், அப்போது மற்றவர்களுக்குச் சாதாரணமான அளவே இவர்களுக்கு விஷமாகிவிடும். ஐரோப்பிய மருந்து முகமை 2020ல், தொடங்கும் முன் இந்தப் பரிசோதனை செய்யச் சொல்லிப் பரிந்துரைத்தது. நம் ஊரில் எல்லா இடத்திலும் வழக்கமாக எடுப்பதில்லை. பெரிய நகரத்து லேப்களுக்கு ரத்தத்தை அனுப்பி எடுக்கலாம்.

எடுக்கலாமா என்று கேட்டால், செலவு தாங்கும் என்றால், ரிசல்ட் சில நாளில் வரும் என்றால், எடுங்கள் என்பேன். குறை இருப்பதாக வந்தால் அது உயிரைக் காப்பாற்றும் தகவல். ஆனால் ‘நார்மல்’ என்று வந்தால் முழு நிம்மதி அடைய முடியாது. பெரும்பாலான மரபணு டெஸ்ட்கள் தேடுவது ஐரோப்பியர்களிடம் அதிகம் பார்த்த நான்கு மாற்றங்களை. நம்மவர்களிடம் அந்த நான்கில் அடங்காத மாற்றங்களும் இருக்கும். ஆகவே டெஸ்ட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், முதல் சுற்றின் முதல் பத்து நாள் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டியதுதான். நொதி குறைந்தவருக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு, வாய் வெந்து போதல், காய்ச்சல் எல்லாம் சீக்கிரமே, சில சமயம் நாலைந்து நாளிலேயே வந்துவிடும். யூரிடின் ட்ரையசிடேட் என்று முறிவு மருந்து ஒன்று உண்டு, 2015ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கடைசி வேளை மருந்து போட்ட 96 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். நம் ஊரில் அது எளிதில் கிடைக்காது. அதனால் நம் கையில் இருக்கும் முறிவு மருந்து ஒன்றுதான்: சரியான நேரத்தில் மாத்திரையை நிறுத்துவது.

வீட்டில் எல்லோரும் சறுக்கும் இடமும் அதுதான். சில வருடம் முன்பு ஒரு அம்மா, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வெளிக்குப் போய்க்கொண்டே ஆறு நாள் இந்த மாத்திரையை விடாமல் சாப்பிட்டுவிட்டு, ஸ்ட்ரெச்சரில் வந்து சேர்ந்தார். ஏன் நிறுத்தவில்லை என்று மகனைக் கேட்டேன். ‘நிறுத்தினா கட்டி திரும்ப வந்துடும்னு அம்மா பயந்தாங்க சார்’ என்றார். அவர்கள்மேல் தப்பில்லை. ‘விடாமல் சாப்பிடுங்கள்’ என்று எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தோம். எப்போது விட வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் மாத்திரையைக் கையில் கொடுக்கும் முன், எப்போது நிறுத்துவீர்கள் என்று வீட்டுக்காரர்களையே சொல்லச் சொல்லிக் கேட்கிறேன். சொல்லத் தெரியாவிட்டால் மாத்திரை தருவதில்லை.

உங்களையும் கேட்கிறேன். அப்பா இப்போது ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெளிக்குப் போகிறார்? குடலில் ஒரு பகுதியை எடுத்திருப்பதால் இரண்டு மூன்று தடவை என்பதே அவருக்கு வழக்கமாகியிருக்கலாம். இந்த வாரமே காலண்டரில் தினமும் அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். தொடங்கிய பிறகு, அந்த வழக்கத்தைவிட நான்கு தடவை கூடினாலோ, இரவில் அதற்காக எழ வேண்டியிருந்தாலோ அடுத்த வேளை மாத்திரை கிடையாது. ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையை முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்திருங்கள். ஆனால் போனில் கேட்டுவிட்டே கொடுங்கள். காய்ச்சலோ ரத்தமோ சேர்ந்திருந்தால் கொடுக்கக் கூடாது.

ஒரே நாளில் ஒரு தடவைக்கு மேல் வாந்தி, சாப்பிட முடியாத அளவுக்கு வாய்ப்புண், உள்ளங்கை உள்ளங்காலில் வலியோடு சிவந்து வீங்குவது, இவற்றுக்கும் அதே விதி: நிறுத்து, போன் செய். 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் போன் போதாது, அன்றே நேரில் போக வேண்டும், இரவு இரண்டு மணியாக இருந்தாலும். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வெள்ளணுக்கள் குறைந்திருந்தால் அந்த ஆறு மணி நேரம் பெரிய விஷயம். நெஞ்சு வலி அல்லது அழுத்தம் வந்தால் மாத்திரையை நிறுத்தி 108க்கு அழையுங்கள். இந்த மருந்து சிலருக்கு இதய ரத்தக்குழாயைச் சுருங்க வைக்கும், வாயுப் பிடிப்பு என்று சோடா குடிக்க வைக்க வேண்டாம். மலம் கறுப்பாகத் தார் போலப் போனால், ஈறில் ரத்தம் நிற்காவிட்டால், கடும் தலைவலி வந்தால், அது முதலில் சொன்ன ரத்த இளக்கி விவகாரம். உடனே எமர்ஜென்சி.

நிறுத்திய வேளைகளைப் பிறகு சேர்த்துச் சாப்பிடத் தேவையில்லை. மறந்துபோன வேளைக்கும் அதே கதைதான்: அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போடக் கூடாது. போட்டதும் வாந்தி எடுத்தாலும் திரும்பப் போட வேண்டாம். அப்புறம் எப்போது, எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்பதை மருத்துவர் சொல்வார். ஒரு சுற்றில் நாலு நாள் விட்டுப்போவதால் சிகிச்சை வீணாகாது.

தொடங்கும் முன் எடுத்திருக்க வேண்டிய மற்ற பரிசோதனைகளில் முழு ரத்த அணுக் கணக்கு, கல்லீரல் பரிசோதனை, ஈ.சி.ஜி. ஆகியவை அநேகமாக ஃபைலில் இருக்கும். ஹெபடைடிஸ் பி எடுத்தார்களா என்று மட்டும் பாருங்கள். உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் அந்த வைரஸை கீமோ எழுப்பிவிடலாம். ஆடும் பல், சீழ் வைத்த பல் இருந்தால் தொடங்குவதற்கு முன் காட்டிவிடுங்கள். வால்வு வைத்தவர் என்பதால் பல் டாக்டரிடமும் அதைச் சொல்ல வேண்டும்.

இனி மாத்திரை எண்ணிக்கை. ஒரு நாளைக்கு ஆறு, 14 நாளைக்கு 84. அட்டைக்குப் பத்து என்றால் கடையில் ஒன்பது அட்டை கொடுப்பார்கள், ஆறு மிஞ்சும். ‘மிச்சம் ஆறுதானே, வீணாக்குவானேன்’ என்று 15ஆம் நாளும் போட்டு முடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓய்வு கொடுக்கும் அந்த ஏழு நாளில்தான் எலும்பு மஜ்ஜையும் குடலும் தேறுகின்றன. காலண்டரில் 14 நாளை ஒரு நிறத்திலும் 7 நாளை இன்னொரு நிறத்திலும் வட்டம் போடுங்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அட்டையில் 500 என்று இருக்கிறதா என்று பாருங்கள், 150 மி.கி.யும் வருகிறது. கம்பெனி மாறினால் நிறமும் வடிவமும் மாறும், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அப்பா வயலுக்குப் போகிறவர் என்றால் காலை ஆறு மணிக்குக் காபியை மட்டும் குடித்துவிட்டு மாத்திரை போடுவது ஆகாது. இட்லியோ பழைய சோறோ எட்டு மணிக்கு என்றால் மாத்திரையும் அப்போது, இரவிலும் எட்டு மணி. உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. விழுங்கச் சிரமம் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தங்கை அந்த மாத்திரையைத் தொடவே வேண்டாம். அட்டையிலிருந்து எடுத்துக் கொடுப்பது, சிந்தியதைத் துடைப்பது, அப்பா வாந்தி எடுத்தால் சுத்தம் செய்வது, எதுவும் அவள் வேலை அல்ல. வளரும் கருவுக்கு இந்த மருந்து ஆகாது. அதற்காக அப்பாவை ஒதுக்கி வைக்கவும் வேண்டாம். பக்கத்தில் உட்காரலாம், சேர்ந்து சாப்பிடலாம், பேரப்பிள்ளை வந்ததும் தாத்தா மடியில் போடலாம். நீங்கள் மாத்திரை எடுத்துக் கொடுப்பதாக இருந்தால் கையுறை போடுங்கள், அல்லது அட்டையிலிருந்து நேராக ஒரு சின்ன மூடியில் தட்டி அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மற்ற மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் போட வேண்டாம். கழிவறையில் தாராளமாக இரண்டு முறை தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். வாந்தி, மலம் பட்ட துணியைக் கையுறையோடு தனியாகத் துவையுங்கள். மிச்சமான மாத்திரையைக் குப்பையிலோ வாய்க்காலிலோ போடாமல் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள்.

கை கால் விஷயம் ஒன்று பாக்கி. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் நிறையப் பேருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் எரியும், சிவக்கும், தோல் உரியும். உராய்வும் சூடும் அதைக் கூட்டும். மண்வெட்டி பிடிப்பது, வெறுங்காலோடு வரப்பில் நடப்பது, வெந்நீரில் கால் கழுவுவது இவற்றை ஆறு மாதத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். வயலைப் பார்க்கப் போகட்டும், இறங்க வேண்டாம். யூரியா கலந்த கிரீமை முதல் நாளிலிருந்தே இரண்டு வேளை தடவலாம். அது இல்லாத நேரத்தில் தேங்காய் எண்ணெய் தடவினாலும் தோல் வறளாது. டெல்லி எய்ம்ஸில் செய்து 2024ல் வெளியான ஓர் ஆய்வில், மூட்டுவலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லைக் கையில் தடவியவர்களில் 3.8 சதவீதம் பேருக்குத்தான் இந்தத் தொந்தரவு நடுத்தரமாகவோ கடுமையாகவோ வந்தது. மருந்தில்லாத வெறும் ஜெல்லைத் தடவியவர்களில் 15 சதவீதம். விலை மலிவான, நம் நாட்டிலேயே கண்டுபிடித்த தீர்வு என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஆனால் உங்கள் அப்பாவின் சிறுநீரகமும் ரத்த இளக்கியும் குறுக்கே நிற்பதால், இதை மட்டும் கேட்காமல் தடவ வேண்டாம்.

இதோடு தொடர்புள்ள இன்னொன்று, ஆஸ்பத்திரியில் யாரும் சொல்ல மாட்டார்கள். தோல் உரிந்து உரிந்து சிலருக்குக் கைரேகையே மங்கிப்போகும். சிங்கப்பூரைச் சேர்ந்த ஒருவரை இதனால் அமெரிக்க விமான நிலையத்தில் மணிக்கணக்கில் உட்கார வைத்துவிட்டார்கள். 2009ல் அவருடைய மருத்துவர் ஒரு மருத்துவ இதழில் எழுதி உலகத்துக்குச் சொன்னார். உங்கள் அப்பா அமெரிக்கா போகப்போவதில்லை, ஆனால் ரேஷன் கடைக்குப் போவார். இரண்டு மூன்று சுற்று முடிந்ததும் அந்த மெஷின் அவர் கட்டைவிரலை ஏற்காமல் போகலாம். குடும்ப அட்டையில் அம்மாவின் கைரேகையும் வேலை செய்கிறதா என்று இந்த மாதமே ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள்.